இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு கோடியே இருபது லட்சம் பேர் நெற்றியில் நுகர்பட்டையைக் கட்டிக்கொண்டு, கோயம்புத்தூரில் ஒரு பெண் ஒரு புத்தகத்தைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை. நூற்பாலைகளில் காலை ஷிப்டு மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. தேநீர்க் கடைகளில் மட்டும் வேலை மும்முரமாக நடந்தது. வாழைக்காய்கள் சீவப்பட்டன, கடலைமாவு கரைக்கப்பட்டது. அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னர் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

அப்பெண்ணின் பெயர் சுடர்க்கொடி. வயது பதினேழு. அவள் வகித்த பதவிக்கு 'முதல்வாசகி' என்று பெயர்.

மக்கள் கதை நூல்களைத் தாமே வாசிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களுக்கு எழுத்து மறந்துவிடவில்லை. பேருந்தின் பெயர்ப்பலகையையும் மருந்துச் சீட்டையும் எல்லோரும் படித்தார்கள். ஆனால் முந்நூறு பக்கங்களைக் கண்ணால் கடந்து செல்லும் உழைப்பை 'உணர்நாடா' என்னும் கண்டுபிடிப்பு தேவையற்றதாக்கிவிட்டது. ஒருவர் நுகர்பட்டையை அணிந்து ஒரு கதையை முதன்முறையாக வாசிக்கும்போது அவர் மனத்தில் எழும் காட்சிகளும், அச்சமும், சிரிப்பும், தொண்டையடைப்பும் அந்த நாடாவில் பதிந்தன. சொற்கள் பதியவில்லை, சொற்கள் எழுப்பியவை மட்டுமே பதிந்தன. பிறர் அதைத் தம் பட்டையில் ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் போதும். கதையை வாசித்து முடித்த நிறைவு முழுவதும் அவர்களுக்கும் கிடைத்தது.

ஆகவே நாட்டில் நல்ல எழுத்தாளர்களைவிட நல்ல வாசகர்களே அதிகமாகத் தேடப்பட்டார்கள். எளிதில் வியக்கவும், எளிதில் அழவும், எதையும் பாதியில் மூடிவைக்காமல் தொடரவும் வல்ல ஒருவர் கிடைப்பது அரிதாக இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒத்துணர்வு நிலையம் என்னும் நிறுவனம் சிங்காநல்லூர்ப் பள்ளிகளில் சோதனை நடத்தியபோது சுடர்க்கொடி அகப்பட்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. 'மழைச்சாடி' என்னும் மாயக்கதைத் தொடரின் முதல் பாகத்தையும் ஒரு நுகர்பட்டையையும் கொடுத்து, வசதியான இடத்தில் அமர்ந்து படிக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். அவளுக்கு வசதியான இடம் அவள் தந்தை மருதாசலத்தின் தேநீர்க் கடை. கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்மேல் அமர்ந்து அவள் ஒரே பகலில் படித்து முடித்தாள். படிக்கும்போது சூடாக வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டாள்.

பஜ்ஜியும் நாடாவில் பதிந்துவிட்டது. அதை நீக்க முற்பட்டால் அதைச் சுற்றியிருந்த காட்சியும் கிழிந்தது. எனவே பொறியாளர்கள் அதை அப்படியே விட்டுவிட நேர்ந்தது. கதையின் உச்சக்கட்டத்தில், மழையை அடைத்துவைத்த ஒன்பது சாடிகளின் காவலன் பாழியன் ஒன்பதாம் சாடியின் சாவியைக் கொடுங்கோல் மன்னனிடம் ஒப்படைத்து, தன்னை அண்ணனாக நம்பியிருந்த கார்குழலி என்னும் சிறுமிக்குத் துரோகம் செய்யும் இடத்திற்குச் சற்று முன்னால், நாவில் காரமும் மொறுமொறுப்புமாக ஒரு சுவை எழுந்து அடங்கியது. லட்சக்கணக்கானோர் பாழியனை வெறுத்தார்கள்; வெறுக்கும்போதெல்லாம் அவர்களுக்குப் பஜ்ஜி வேண்டியிருந்தது. "போடா பாழியா" என்பது பள்ளிகளில் பெரிய வசவானது. அப்படித் திட்டியவனுக்கும் திட்டு வாங்கியவனுக்கும் ஒருசேரப் பசித்தது.

இப்போது இரண்டாம் பாகம் வந்திருந்தது. இம்முறை வாசிப்பு நேரடியாக எல்லோரையும் சென்றடையும் என்று நிலையம் அறிவித்திருந்தது. சுடர்க்கொடி வரி வரியாக உணர உணர, அந்தக் கணமே ஒரு கோடியே இருபது லட்சம் பேரும் உணர்வார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வாசிப்பின் நடுவே முதல்வாசகி தானாகப் பட்டையைக் கழற்றினால், நூல் அவள் கையிலிருந்து பெறப்பட்டு மாற்று வாசகியிடம் கொடுக்கப்படும். கரூரிலிருந்து வந்திருந்த மாற்று வாசகி அடுத்த அறையில் தயாராகவே அமர்ந்திருந்தார். நூலின் அச்சுப்படிகள் ஓராண்டு கழித்தே முந்நூறு மட்டும் அச்சாகி, சட்டப்படி நூலகங்களுக்குப் போகும். அதுவரை சுடர்க்கொடி காத்திருக்க வேண்டும். அல்லது கரூர்க்காரரின் மனத்தின் வழியாக அந்தக் கதையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவளுக்குப் புகழைப் பற்றிப் பெரிய அக்கறை இருந்ததில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளாக அவள் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தது இந்த இரண்டாம் பாகத்தைத்தான். அதை மற்றொருவர் படித்துத் தனக்கு ஊட்டிவிடுவதை அவளால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

நிலையத்தின் பதிவு மேலாளர் திரு. தெய்வசிகாமணி மிகுந்த பண்பாளர். கோபம் வந்தால் மேலும் பணிவாகப் பேசும் இயல்புடையவர். அவர் இரண்டு நாள்களாக அவளுக்கு உப்பில்லாத இட்லி மட்டுமே கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். வாசனையற்ற அறை, வாசனையற்ற சோப்பு. மருதாசலம் மகளுடன் வந்திருந்தாலும், அவர் சட்டையில் எண்ணெய் வாடை இருந்ததால் மூன்று கதவுகளுக்கு அப்பால் உட்காரவைக்கப்பட்டார். "நாற்பது வருச வாசமுங்க, குளிச்சாப் போயிருமா" என்று அவர் காவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரே ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் நூலாசிரியை அங்கயற்செல்வி. வயது நாற்பது இருக்கும். மடியில் கைப்பையை இரு கைகளாலும் பிடித்திருந்த விதம், மருத்துவமனையில் முடிவுக்காகக் காத்திருப்பவரை ஒத்திருந்தது. அவரை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. அக்காலத்தில் எழுத்தாளர்களுக்கு அது வழக்கம்தான்.

பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. சுடர்க்கொடி முதல் பக்கத்தைத் திறந்தாள்.

முதல் அத்தியாயத்தில் கார்குழலி நிலவறையில் இருந்தாள். சுவருக்கு அப்பால் மற்ற எட்டுச் சாடிகளுக்குள்ளும் மழை முனகுவது அவளுக்குக் கேட்டது. அந்த முனகல் தன் காதிலும் கேட்டபோது சுடர்க்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. சேலத்திலும் நாகர்கோவிலிலும் ராமநாதபுரத்திலும் ஒரே நொடியில் ஒரு கோடிக் கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து ஆண்டுகள் அவள் வீணாகக் காத்திருக்கவில்லை. அவள் பக்கத்தைப் புரட்டினாள். அந்த மகிழ்ச்சியும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் அத்தியாயத்தின் இறுதியில் நிலவறைக் கதவு திறந்தது. பாழியன் நின்றான். சுடர்க்கொடியின் தாடை இறுகியது. நாடெங்கும் தாடைகள் இறுகின. அப்போது கார்குழலி எழுந்தாள். தன் பின்னலை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சிறிய சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பாழியனின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ சொன்னபடியே இதைக் காத்துவிட்டேன், அண்ணா" என்றாள்.

சுடர்க்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை.

என்ன சாவி? எப்போது, என்ன சொன்னான்? அவள் முந்தைய வரியை மீண்டும் படித்தாள். அதற்கு முந்தைய பக்கத்தையும் படித்தாள். பிறகு மூன்றாம் அத்தியாயத்துக்குள் சென்றாள். அங்கு எல்லோரும் அந்தச் சாவியைப் பற்றி, எப்போதோ சொல்லப்பட்டுவிட்ட ஒன்றைப் போலவே பேசிக்கொண்டார்கள். முன்பின் அறியாத உறவினர் வீட்டுத் திருமணத்தில் மாட்டிக்கொண்டதைப் போல அவள் விழித்தாள். ஒரு கோடியே இருபது லட்சம் பேரும் அவளுடன் சேர்ந்து விழித்தார்கள். எதையோ மறந்துவிட்டோம் என்னும் கூச்சம் அத்தனை பேருக்கும் ஒன்றாக ஏற்பட்டது.

மூன்றாம் அத்தியாயம் முடிந்ததும் இடைவேளை. சிவப்பு விளக்கு அணைந்தது. மக்களின் பட்டைகளில் வீணை இசை ஒலித்தது. இடைவேளையில் உதவியாளர்கள் பட்டையைக் கழற்றிவைப்பது வழக்கம்; அது விதிமீறல் ஆகாது. தெய்வசிகாமணி உள்ளே வந்தார். என்ன ஆயிற்று என்று விசாரித்தார். சாவியைப் பற்றி முதல் பாகத்தில் தான் எதுவும் படித்ததாக நினைவில்லை என்று அவள் சொன்னாள். ஐந்து ஆண்டுகளில் மறந்துபோவது இயல்பு என்று அவர் ஆறுதல் கூறினார்.

"மறக்கலீங்க சார். அந்தப் புத்தகம் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். அதுல இப்படி ஒண்ணு இல்லவே இல்லீங்க."

"இருக்குதுங்க."

குரல் கண்ணாடித் தடுப்பின் பக்கத்திலிருந்து வந்தது. அங்கயற்செல்வி எப்போது எழுந்து வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பேசியதற்காக அவரே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, தரையைப் பார்த்தபடி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் அது இருக்கிறது என்றார். இரண்டே பக்கங்களில் முடிந்துவிடும் ஒரு சிறிய அத்தியாயம். மன்னன் கார்குழலியைக் கொல்லப் போவதைப் பாழியன் அறிகிறான். தன் தாயின் காப்பை உருக்கிப் பொய்ச்சாவி ஒன்றை வார்க்கிறான். மெய்ச்சாவியைத் தூங்கும் சிறுமியின் பின்னலுக்குள் வைத்துப் பின்னிவிட்டு, அவளை எழுப்பி ஒரு சொல் சொல்லி, மீண்டும் தூங்கவைக்கிறான். மறுநாள் மன்னனிடம் அவன் கொடுப்பது பொய்ச்சாவி.

"நான் எழுதுனதுலயே அந்த ரெண்டு பக்கம்தானுங்க கொஞ்சம் நல்லா வந்துதுன்னு நெனச்சேன்" என்றார் அங்கயற்செல்வி. "நாடா வந்ததும் நானும் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். அந்த இடம் வந்துச்சு. ஒண்ணுமே இல்லீங்க. பஜ்ஜி ருசிதான் வந்துச்சு. சரி, நம்ம எழுத்தைப் படிச்சா ஒரு புள்ளைக்குப் பசிதான் எடுக்குதாட்டம் இருக்குதுன்னு... அப்புறம் ரெண்டு வருசம் பேனாவே எடுக்கலீங்க."

சுடர்க்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் டின், கடையின் புகை, மடியில் புத்தகம், கையில் பஜ்ஜி என அந்தப் பகல் முழுவதும் அவள் கண்முன் வந்தது. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தின் கடைசி வரியில் சாடிக்கூடத்தில் விளக்கு அணைந்தது. அடுத்துத் தொடங்கியது புதிய அத்தியாயம். பாழியன் மன்னன்முன் நின்றான். அதற்கிடையே அவள் ஒரு தாளைத்தான் புரட்டினாள். ஆனால் அந்தத் தாள் சற்றுக் கனமாக இருந்தது.

"சார்" என்றாள் அவள். "என்ற பழைய புத்தகம் எங்கீங்க இருக்குது?"

அது கீழ்த்தளத்தில், நிலையத்தின் நுழைவு மண்டபத்தில், கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. பார்வையாளர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்த்திருந்தார்கள். திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பேழையைத் திறந்து புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தை அடுத்து இருநூற்றுப் பதினான்காம் பக்கம் வந்தது. நடுவில் இரண்டு தாள்கள் ஒன்றாகிப் போயிருந்தன. விளக்கின்முன் தூக்கிப் பிடித்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை மஞ்சளாக ஒளிர்ந்தது. அதன் நடுவே காய்ந்த கடலைமாவு ஒரு முத்திரையைப் போல இரு பக்கங்களையும் இறுக்கிப் பிடித்திருந்தது.

தெய்வசிகாமணி நாற்காலியைத் தேடி அமர்ந்தார். ஒவ்வொரு நாடாவின் உறையிலும் 'முழுமையான வாசிப்பு' என்று நிலையம் உறுதிமொழி அச்சிட்டிருந்தது. ஒரு நாடு முழுவதும் அந்த இரண்டு பக்கங்களைப் படிக்காமல் விட்டிருந்தது. அதுவும் கதையையே தலைகீழாக்கும் இரண்டு பக்கங்களை.

மருதாசலம் வரவழைக்கப்பட்டார். மூன்று கதவுகளையும் கடந்து வந்தவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"எண்ணெய்க் கையோட புத்தகத்தத் தொடாதேன்னு அப்பவே சொன்னனா இல்லியா" என்றார் மகளிடம். பிறகு கறையை முகர்ந்தார். "ஓமம் போட்டிருக்குது. நம்ம மாவுதான்."

"பிரிக்க முடியுமாப்பா?"

"ஏங் கண்ணு முடியாது? வாழையிலையில ஒட்டுனதையே கிழியாம எடுக்கறேன். ஆவி புடிக்கோணும். அவசரப்பட்டா எழுத்து போயிரும்."

உணவு அறையிலிருந்து ஒரு கெண்டியில் கொதிநீர் வந்தது. மருதாசலம் கெண்டியின் மூக்கிலிருந்து ஒரு சாண் உயரத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, தோசையைத் திருப்புவதைப் போல மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அதற்குள் தெய்வசிகாமணி தேறிக்கொண்டு, தம் யோசனையை மிகவும் தாழ்ந்த குரலில் முன்வைத்தார். பக்கங்கள் பிரிந்ததும் அம்மிணி அவற்றைப் பட்டையில்லாமல் தனியாகப் படித்துக்கொள்ளட்டும். பிறகு பட்டையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் நடவாதது போல நான்காம் அத்தியாயத்தைத் தொடரட்டும். மறதி என்றே மக்கள் எண்ணிக்கொள்வார்கள். யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

"ஒண்ணும் நடக்காதது மாதிரி படிக்க எனக்குத் தெரியாதுங்களே சார்" என்றாள் சுடர்க்கொடி. "பட்டை போட்டா எல்லாம் தெரிஞ்சிருமுங்க."

அது உண்மை. நாட்டிலேயே பொய்யாக உணரத் தெரியாத பெண் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அப்படியானால், என்று தெய்வசிகாமணி மேலும் பணிந்தார், அந்த இரண்டு பக்கங்களையும் பட்டையுடனேயே படித்துவிடலாமே. நாடே அழும். இதுவரை யாரும் தராத அனுபவமாக அது அமையும். தவறு நடந்ததே நன்மைக்கென்று ஆகிவிடும்.

சுடர்க்கொடி கண்ணாடியருகே கைப்பையைப் பிடித்தபடி நின்ற பெண்மணியையும், ஆவியில் நனைந்துகொண்டிருந்த புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாழியனை அவள் எவ்வளவு வெறுத்தாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அந்த வெறுப்பு உண்மையானது. அதைத்தான் பிரதி எடுத்து நாடு முழுவதற்கும் கொடுத்திருந்தார்கள். ஒரு சிறுமியின் எண்ணெய்க் கை, ஒரு மனிதனின் பெயரை ஊரறிந்த வசவாக்கியிருந்தது.

மருதாசலம் தோசைத் திருப்பியைப் போல ஒரு மெல்லிய அளவுகோலை இரு தாள்களுக்கும் நடுவே செலுத்தினார். தாள்கள் பிரிந்தன. ஆனால் அவர் உள்ளே பார்க்காமல், மூடியபடியே புத்தகத்தை மகளிடம் நீட்டினார்.

சுடர்க்கொடி பட்டையைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள். தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வீணை நின்றது.

ஒரு கோடியே இருபது லட்சம் பேர் மடியில் பழைய புத்தகத்தின் எடையை உணர்ந்தார்கள். அவள் விரல் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தைத் தொட்டது. தாள் இன்னும் ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. நாம் இதைப் படிக்கவேயில்லை என்பது அவர்களுக்கு அவளுடைய வெட்கத்தின் வழியாகத் தெரிந்தது. குற்றமற்ற ஒருவனைத் திட்டியிருக்கிறோம் என்பது அவளுடைய நெஞ்சுப் படபடப்பின் வழியாகத் தெரிந்தது. பிறகு, இவை எல்லாவற்றையும் மூழ்கடித்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்னும் ஆவல் பெருகியது. அந்த நிலையத்தின் கருவிகள் அதுவரை அவ்வளவு பெரிய ஆவலைப் பதிவுசெய்ததில்லை. முள் அளவுப்பலகையின் கடைசிக் கோட்டைத் தட்டி அங்கேயே நின்றது.

அந்த இடத்தில் சுடர்க்கொடி பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

தெய்வசிகாமணி எழுந்தே விட்டார். ஒப்பந்தத்தை அவர் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் பாகம் கையைவிட்டுப் போவதை அவளும் அறிந்தேயிருந்தாள். அதன் நான்காம் அத்தியாயத்தில் கிடந்த பக்க அடையாளத் துணியை அவள் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது அதனால்தான்.

"சார், பாழியன வெறுத்தது நானுங்க" என்றாள். "அத்தன பேருக்கும் என்ற வெறுப்பத்தான் குடுத்தீங்க. மன்னிக்கறதையாவது அவங்கவங்களே செய்யட்டுமுங்க."

பிறகு அவள் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், தந்தையின் அருகில் தரையில் அமர்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து படித்தாள். அவள் என்ன உணர்ந்தாள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. அவள் படித்து முடித்து வெகுநேரம் தலைநிமிராமல் இருந்ததையும், அங்கயற்செல்வி அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் மட்டுமே அங்கிருந்தவர்கள் பின்னர் கூறினார்கள்.

மாற்று வாசகி அழைக்கப்பட்டார். இரண்டாம் பாகத்தை அவரிடம் தர ஒப்புக்கொள்ளுமாறு தெய்வசிகாமணி நூலாசிரியையைக் கேட்டுக்கொண்டார். ஆசிரியரின் ஒப்புதல் கையொப்பம் ஒரு சடங்காக இருந்துவந்தது. அதுவரை எந்த எழுத்தாளரும் மறுத்ததில்லை.

"மன்னிக்கோணுமுங்க" என்றார் அங்கயற்செல்வி. "தர்றதா இல்லீங்க."

அவர் கைப்பையைத் திறந்து, மேசையிலிருந்த இரண்டாம் பாகத்தை அதற்குள் வைத்து, மூடினார். கொண்டி விழுந்த ஓசை அறை முழுவதும் கேட்டது.

நிலையம் எளிதில் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலையே, கரூர்க்காரரைக் கொண்டு முதல் பாகத்தின் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் படிக்கவைத்து ஒரு குறுநாடாவை வெளியிட்டது. அவர் திறமையான வாசகிதான், நெகிழ்ந்து அழுதிருந்தார். ஆனால் அது யாருக்கும் பொருந்தவில்லை. சிங்காநல்லூர்ச் சிறுமி ஒருத்தியின் வெறுப்பின்மேல் கரூர்ப் பெண்மணி ஒருவரின் மன்னிப்பு ஒட்டவில்லை. இரவல் செருப்பைப் போலக் கடித்தது. சுடர்க்கொடியின் ஆவலோ அப்படியே அடங்காமல் எல்லோர் உள்ளத்திலும் இருந்தது. உண்ணப் புறப்பட்ட கை வாய்க்குச் சற்று முன்னால் நின்றுவிட்டால் எப்படியிருக்கும், அப்படி.

மறுநாள் காலை கோயம்புத்தூர் மாவட்ட நூலகத்தின் வாசலில் ஒரு வரிசை உருவானது. நூலகரால் அது எதற்கென்று முதலில் ஊகிக்க முடியவில்லை. ரேஷன் கடை இரண்டு தெரு தள்ளி இருப்பதாக அவர் வழிசொல்லிப் பார்த்தார். இருந்த ஒரே படியை மேசையில் திறந்துவைத்தார்கள். ஒவ்வொருவரும் வந்து அந்த இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டுப் போனார்கள். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் விரலை வரிக்கடியில் வைத்து, உதடுகள் அசையப் படித்தார்கள். சிலர் முடித்துவிட்டு மீண்டும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர், பாழியன் பின்னலை முடிக்கும் வரியில் விரலை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்ததாகவும், பின்னாலிருந்தவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை என்றும் நூலகர் குறித்துவைத்திருக்கிறார்.

முதல் பாகத்துக்கு அச்சாகியிருந்த முந்நூறு படிகள் போதவில்லை. சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டி வேலையை நிறுத்திவிட்டு மழைச்சாடியை அச்சடித்தன. இரண்டு பக்கங்களுக்காக வாங்கியவர்கள், வாங்கியதற்காக முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் வியந்தார்கள். நாடாவில் கார்குழலிக்குச் சுடர்க்கொடியின் பள்ளித்தோழி ஒருத்தியின் முகம் இருந்தது. தாளிலோ அவரவருக்குத் தெரிந்த முகம் வந்தது. பாழியனை மன்னித்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பிள்ளையிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கோபித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். வீடுகளில் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. ஒரே கதையைப் பற்றி இரண்டு பேர் வேறுபட்டுப் பேசுவது பலருக்கும் புதிய அனுபவமாக இருந்தது.

அங்கயற்செல்விக்குக் கடிதங்கள் சாக்குச் சாக்காக வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத முற்பட்டார். மூன்றாம் வாரத்தில் தோற்றுப்போனார். அந்தத் தோல்வி அவருக்கு மிகவும் பிடித்திருந்ததாகத் தெரிகிறது.

இரண்டாம் பாகம் நாடாவாகாமல் நேராக அச்சுக்குப் போனது. முதல் படியை அங்கயற்செல்வி தாமே பேருந்தேறி வந்து சிங்காநல்லூர்க் கடையில் கொடுத்தார். சுடர்க்கொடி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்து, நான்காம் அத்தியாயத்திலிருந்து தொடர்ந்தாள். ஒன்பதாம் சாடி திறந்து, கதையில் வரும் தென்வரை நாட்டின் மீது முதல் மழை விழுந்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். அன்று அவளோடு எழுந்து நின்றவர் எவருமில்லை. அதைப்போன்ற ஒரு மகிழ்ச்சியை அவள் அதற்கு முன்னால் முழுவதுமாகத் தன்னிடமே வைத்துக்கொண்டதில்லை.

மாதம் ஒன்று கழிந்தது.

ஒரு மாலையில், கடையில் கூட்டம் சற்றுக் குறைந்திருந்தபோது, தெய்வசிகாமணி வந்தார். நிலையம் இப்போது பயணக் காட்சிகளைப் பதிவுசெய்வதாகவும், ஊட்டிக் குளிர் நன்றாகப் போவதாகவும் நலம் விசாரிப்புகளுக்கிடையே தெரிவித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். மழைச்சாடி, இரண்டாம் பாகம். நூற்று நாற்பதாம் பக்கமும் நூற்று நாற்பத்தொன்றாம் பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே மஞ்சளாக ஒரு கறை.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஐந்து ஆண்டுக்காலம் ஒரு சிறுமியின் நாவைத் தம் நாவாகக் கொண்டிருந்தவர்கள், பாழியனின் பெயரைத் தாளில் கண்டதுமே கடைக்கு ஆளனுப்பியிருந்தார்கள். பஜ்ஜியில்லாமல் அந்தக் கதையைப் படிக்க யாராலும் முடியவில்லை. ஆகவே நாடெங்கும் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஆனால் இம்முறை ஒருவருக்கு ஒட்டிய பக்கம் மற்றவருக்கு ஒட்டவில்லை. தம்மிடம் இல்லாததை அறியப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டியிருந்தது. பேருந்தில் முன்பின் அறியாதவர்கள், "உங்களுக்கு எண்பத்தெட்டு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். மருதாசலம் தம் பாய்லரின் தலையில் இன்னொரு துளை போடவைத்திருந்தார். டீக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று.

சுடர்க்கொடி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நூத்தி நாப்பதுங்களா? என்னுதுல நல்லா இருக்குதுங்க சார். அதுல கார்குழலி அரண்மனைக்குள்ள போயி..."

"வேண்டாமுங்க அம்மிணி" என்று தெய்வசிகாமணி அவசரமாகக் கையை உயர்த்தினார். அவர் இடைமறித்துப் பேசி அவள் பார்த்தது அதுவே முதல்முறை. "நீங்க சொல்லீராதீங்க. அப்பாவை ஆவி புடிச்சு மட்டும் தரச் சொல்லுங்க. நானே படிச்சுக்கறேன்."

மருதாசலம் புத்தகத்தை வாங்கிப் பாய்லரின் இரண்டாம் துளைக்குமேல் பிடித்தார். தெய்வசிகாமணி பொறுமையாகக் காத்திருந்தார். காத்திருக்கும்போது கை சும்மா இருக்கவில்லை. தட்டிலிருந்து சூடான பஜ்ஜி ஒன்றை எடுத்திருந்தது.